காயாத படத்துக்கு வாயில்லை

எக்ஸ்ரேப் பகுதிக்குப் புதிதாக வந்திருக்கிற தம்பி தங்கைமாரே,

உங்கள் முன்னால் வந்து கொஞ்சம் பேசச் சொல்லிக் கேட்டார்கள். நாலு பேர் ஒன்றாக என்னைப் பார்த்தால் என் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். என் பிரியாவிடைக் கூட்டத்தில் நன்றி சொல்ல எழும்பினேன். மேசையில் இருந்த தண்ணீரைக் குடித்துவிட்டு அப்படியே இருந்துவிட்டேன். சனம் அதை அடக்கம் என்று நினைத்துக் கைதட்டியது. ஆகவே பேசவில்லை, எழுதுகிறேன்.

உண்மையில் இந்த வெட்கம்தான் எனக்கு உத்தியோகம் எடுத்துத் தந்தது. அறுபதுகளின் தொடக்கம். வன்னியில் கண்டி வீதியை ஒட்டியிருந்த ஒரு ஆஸ்பத்திரிக்கு எக்ஸ்ரே மெசின் வந்து, இருட்டறையில் படம் கழுவ ஓர் ஆள் தேவைப்பட்டது. எட்டாம் வகுப்புப் படித்தவர்கள் பலர் நேர்முகத்துக்கு வந்திருந்தோம். டொக்டர் கேட்ட கேள்விகளுக்கு மற்றவர்கள் எல்லாரும் பதில் சொன்னார்கள். நான் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"இவன் காணும்" என்றார் டொக்டர். "கதைக்கிறதுக்கு எங்களிட்டை ஏற்கெனவே ஒருத்தர் இருக்கிறார்."

அந்த ஒருத்தர்தான் மெசினில் ஆட்களை நிறுத்திப் படம் எடுப்பவர். சனம் அவரைப் படக்காரர் என்று கூப்பிடும். நல்ல மனிதர், நல்ல வேலைக்காரர். ஆனால் ஒரு படத்தைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டிருக்க அவரால் முடியாது. உங்கள் காலத்தில் படம் காய்ந்தே வெளியில் வருகிறது. எங்கள் காலத்தில் நான் கழுவி, கம்பிச் சட்டத்தில் மாட்டி, தண்ணீர் சொட்டச் சொட்டக் கொண்டுவருவேன். ஈரப் படத்தில் இல்லாததும் தெரியும், இருப்பதும் மறையும். டொக்டர் எப்போதும் சொல்லுவார்: "படம் காயுமட்டும் அதுக்கு வாயில்லை. உங்களுக்கும் இல்லை." இதில் பின்பாதியை நான் கடைப்பிடித்தது புத்தியால் அல்ல, சுபாவத்தால்.

மெசினைப் பற்றி உங்களுக்குச் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை. மனிதர்களைப் பற்றித்தான் சொல்லலாம். அந்த நாளில் எக்ஸ்ரே என்பது ஒரு மருந்து என்று பலர் நம்பினார்கள். முல்லைத்தீவுக் கரையில் வலை வைத்திருந்த ஒருவர் நெஞ்சு நோ என்று வந்தார். படம் எடுத்ததும், நான் அதைக் கழுவி முடிக்க முதலே, "இப்ப சுகமாக்கிடக்கு" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறிப் போய்விட்டார். பிறகு ஒரு நாள் மனைவியை அனுப்பியிருந்தார். "அவருக்குப் பிடிச்ச மாதிரி எனக்கும் ஒண்டு பிடிச்சு விடட்டாம்" என்றார் அந்தப் பெண். அவருக்கு இடுப்பில்தான் நோ. பரவாயில்லை, நெஞ்சிலேயே பிடிக்கட்டாம்.

இப்படிப்பட்ட சனத்துக்கு நடுவில்தான் நான் சொல்லவந்தது நடந்தது.

ஒரு நாள் காலை முரசுமோட்டையிலிருந்து உழவு மெசின் இழுத்து வந்த பெட்டியில் ஒரு குடும்பம் வந்து இறங்கியது. தகப்பன், தாய், மகள். மகளின் பெயர் பூமணி. பட்டுச் சேலை, கழுத்து நிறைய நகை, தலை நிறையப் பூ. நீளப் பின்னலை மடித்து இடது தோளோடு சேர்த்துக் கட்டி, அதன்மேல் கனகாம்பரம் சுற்றியிருந்தது. கலியாண வீட்டுக்குப் போகிற வழியில் யாருக்கோ மயக்கம் வந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். கொஞ்ச நேரத்தில் பளை பஸ்ஸில் ஒரு அம்மா குடையோடு வந்து சேர்ந்தார். பூமணி அவரை மாமி என்று கூப்பிட்டபடியால், அன்று பகல் முழுக்க ஆஸ்பத்திரியில் எல்லாருக்கும் அவர் பளை மாமி ஆகிவிட்டார்.

"ஆருக்கு வருத்தம்?" என்று கேட்டார் படக்காரர்.

"ஒருத்தருக்கும் இல்லை. பொம்பிளை பாக்க வந்தனாங்கள்" என்றார் பளை மாமி.

"இஞ்சையோ?"

"வீட்டை போய்ப் பாத்தது வெளிப்பக்கம். இனி உள்ளுக்குப் பாக்கவேணும்."

பூமணியின் சின்னம்மா ஒருவர் சயரோகத்தில் இறந்தவராம். அது மாமியின் காதுக்கு எட்டிவிட்டது. மாமிக்கு ஒரே மகன், கொழும்பில் வேலை. "நகை நட்டைப் பிறகு பாப்பம், முதல்லை நெஞ்சைப் பாப்பம்" என்று சொல்லித்தான் எல்லாரையும் இங்கே கூட்டிவந்திருந்தார். சொல்லி முடித்துவிட்டு லேஞ்சியை வாயில் வைத்து இருமினார். "பஸ்ஸிலை ஒரே தூசி" என்றார்.

எக்ஸ்ரேக்கு நகை கழற்ற வேண்டும் என்று படக்காரர் சொன்னதும் தாய் ஒவ்வொன்றாகக் கழற்றித் துவாயில் வைத்தார். மாமி பக்கத்தில் நின்று ஒவ்வொன்றையும் கண்ணால் நிறுத்தார். பிறகு பார்ப்பதாகச் சொன்னதை அவர் முதலிலேயே பார்த்துவிட்டார்.

"தலையையும் அவிழ்த்து உச்சியிலை கட்டுங்கோ" என்றார் படக்காரர்.

தாய்க்கு முகம் மாறிவிட்டது. "அது மட்டும் ஏலாது. நல்ல காரியத்துக்கு வந்த இடத்திலை, சம்பந்தி முன்னாலை, பிள்ளை தலைவிரிச்சு நிக்கிறதோ? செத்த வீடே இது?"

படக்காரர் எவ்வளவோ சொன்னார். தாய் அசையவில்லை. வாசலில் மற்ற நோயாளிகள் வரிசையில் நின்றார்கள். "சரி விடுங்கோ, முடிதானே" என்று சொல்லிப் படத்தை எடுத்துவிட்டார்.

நான் கழுவிக்கொண்டு வந்த சட்டத்தை இருட்டறை வாசலிலேயே வாங்கி வெளிச்சத்துக்குப் பிடித்தார் படக்காரர். தண்ணீர் அவருடைய முழங்கை வழியாக ஓடியது. விறாந்தையில் பூமணியின் தகப்பன், தாய், மாமி மூன்று பேரும் அவருடைய வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்படிப் பார்த்தால் அவருக்குத் தாங்காது.

"இடப்பக்கம் மேலை ஒரு நிழல் கிடக்குது போலை..." என்றார்.

அவ்வளவுதான். தாய் நிலத்தில் இருந்துவிட்டார். பளை மாமி குடையை எடுத்துக் கக்கத்தில் வைத்தார். "நான் கேள்விப்பட்டது பொய்யில்லை. நான் வாறன். உங்களுக்கு நல்ல காலம், கலியாணத்துக்கு முன்னமே தெரிஞ்சுது" என்றார். யாருக்கு நல்ல காலம் என்று அவர் விளங்கப்படுத்தவில்லை.

பூமணி அழவில்லை. மூச்சை ஒரு தரம் இழுத்து விட்டுப் பார்த்தாள். தன் நெஞ்சு தனக்குத் தெரியாமல் என்ன செய்தது என்று யோசிப்பவள் போல.

சத்தம் கேட்டு டொக்டர் வந்தார். படத்தைப் பார்த்தார், படக்காரரைப் பார்த்தார். படக்காரர் யன்னலைப் பார்த்தார். டொக்டர் படத்தை வெளிச்சப் பெட்டியில் வைத்து, நிழலின் ஓரத்தைக் கீழிருந்து மேலே கண்ணால் தொடர்ந்தார். பிறகு பூமணியைக் கூப்பிட்டுத் திரும்பி நிற்கச் சொன்னார்.

"இந்த நிழல் நெஞ்சு முடிஞ்ச பிறகும் மேலை போகுது. தோள் எலும்பைத் தாண்டிக் கழுத்துக்கும் போகுது. எனக்குத் தெரிஞ்ச சயரோகம் ஒண்டும் இப்பிடி வேலி பாயாது" என்றார். "பிள்ளை, உந்தத் தலைக்குள்ளை என்ன கிடக்குது?"

பூமணி தாயைப் பார்த்தாள். தாய் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார். அப்போதுதான் விளங்கியது, தலையை அவிழ்க்க விடாததற்குக் காரணம் சகுனம் மட்டும் இல்லை என்று. திரைக்குப் பின்னால் பின்னலை அவிழ்த்தபோது, எண்ணெயில் ஊறிய தடித்த சவுரி ஒன்று கழன்று வந்தது. பிள்ளையின் சொந்த முடி தோளுக்குக் கொஞ்சம் கீழே மட்டும்தான்.

பளை மாமி குடையை மறுபடி கீழே வைத்தார். "நெஞ்சு பழுதெண்டு நினைச்சன், முடியெல்லோ பொய்!"

"சவுரி கட்டாத பொம்பிளை பளையிலை எத்தினை பேராம்?" என்று தாய் திரைக்குப் பின்னாலிருந்து கேட்டார். நெஞ்சுக்கு வந்த பழி நீங்கியதும் அவருக்குக் குரல் திரும்பி வந்துவிட்டது.

தலையை உச்சியில் கட்டி இரண்டாவது படம் எடுத்தோம். அது காய்ந்த பிறகு டொக்டர் பார்த்து, சுத்தம் என்றார். நிழல் இல்லை.

மாமி நம்பவில்லை. "காலமை கிடந்த வருத்தம் மத்தியானம் எங்கை போனது? ஆரின்ரையோ படத்தை மாத்திக் காட்டுறியள். முடி இப்பிடி நெஞ்சுக்குள்ளை தெரியுமோ? நான் படிக்காதவள்தான், பேய்ச்சி இல்லை." இருமல் வந்து கதையை வெட்டியது. முடியும் வரை ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"என்ரை படத்தையும் ஒருக்கா எடுங்கோ. நல்ல நெஞ்செண்டால் எப்பிடி இருக்குமெண்டு பக்கத்திலை வைச்சுப் பாப்பம்" என்றார்.

டொக்டர் வழக்கமாக இப்படியான கேள்விகளுக்கு ஏசுகிறவர். அன்றைக்கு ஏசவில்லை. "எத்தினை நாளா இந்த இருமல்?" என்று மட்டும் கேட்டார்.

"அது சுருட்டு. ஒரு சுருட்டு, ரெண்டு சுருட்டு. அதெல்லாம் ஒரு வருத்தமோ?"

"எடுங்கோ" என்று படக்காரரிடம் சொன்னார் டொக்டர்.

இருட்டறையின் சிவப்பு வெளிச்சத்தில் ஒரு படம் தெரியவருவதை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். முதலில் தோள், பிறகு விலா எலும்பு. அன்றைக்கு வலது பக்கம் மேலே, விலா எலும்புகளுக்கு நடுவில், கறுப்பாக ஒரு வட்டம் வந்தது. சுற்றி வெள்ளைக் கரை. கரைக்குப் பக்கத்தில் பஞ்சு பிய்த்துப் போட்டது போல வெள்ளை. எனக்குப் படிப்பு இல்லை, ஆனால் அந்த வட்டத்தை முன்பும் கண்டிருக்கிறேன். எங்கே சொட்டுகிறது என்று பார்க்காமல் படத்தைக் கழுவித் தூக்கினேன்; தண்ணீர் செருப்புக்குள் போனது.

வெளியே வந்தேன். பெரியதோர் ஆறுதல் வந்த வீட்டில் நடக்கிற மாதிரி விறாந்தையில் பூமணியின் தாய் வீட்டிலிருந்து கொண்டுவந்த பணியாரத்தை எல்லாருக்கும் கொடுத்துக்கொண்டிருந்தார். மாமியும் ஒன்று எடுத்திருந்தார்.

"என்ன தம்பி, எப்பிடி என்ரை படம்?" என்றார் மாமி. சத்தமாக, எல்லாருக்கும் கேட்க.

"இன்னும் காயேல்லை" என்றேன். அந்த இரண்டு சொல்லைச் சொல்ல நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். படக்காரர் கிட்ட வந்து எட்டிப் பார்த்தார். பார்த்துவிட்டு, நான் அறிய முதல் தரம், ஒன்றும் சொல்லாமல் திரும்பிப் போய்ப் பணியாரம் எடுத்தார்.

படம் காய்ந்ததும் டொக்டர் மாமியைத் தனியே அறைக்குள் கூப்பிட்டுக் கதிரையில் இருத்திச் சொன்னார். சுற்றி வளைக்கவில்லை. நெஞ்சில் ஒரு ஓட்டை தெரிகிறது, அநேகமாகச் சயரோகம், சளியைச் சோதித்துத்தான் உறுதியாகச் சொல்லலாம், மருந்து இருக்கிறது, எடுத்தால் நோய் மாறும். நான் படத்தைப் பிடித்துக்கொண்டு மூலையில் நின்றேன்.

மாமி படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு முகம் வெளித்தது.

"ஐயோ டொக்டர், இது என்ரை கொண்டை!"

டொக்டர் அவருடைய கொண்டையைப் பார்த்தார்.

"முடிதான் விழுந்திருக்கு. அந்தப் பிள்ளைக்கு விழுந்த மாதிரி. நீங்கள்தானே சொன்னியள், முடி நெஞ்சுக்குள்ளை தெரியுமெண்டு? நான் அவிழ்க்கிறன், திருப்பி எடுங்கோ." மாமி இரண்டு கையாலும் கொண்டையை அவிழ்த்தார். உள்ளேயிருந்து ஒரு சின்னச் சவுரி கழன்று விழுந்தது. நான் வழக்கம்போல நிலத்தைப் பார்த்தேன். சவுரியும் அங்கேதான் கிடந்தது.

"எடுப்பம்" என்றார் டொக்டர். அந்த நாளில் ஒரு படத்தை வீணாக்கினால் மேலிடத்துக்குப் பதில் சொல்ல வேண்டும். இருந்தும் எடுக்கச் சொன்னார். தம்பி தங்கைமாரே, சில படங்கள் டொக்டர் பார்ப்பதற்கு அல்ல, நோயாளி நம்புவதற்கு.

தலையை உச்சியில் கட்டி எடுத்தோம். வட்டம் அதே இடத்தில் இருந்தது.

மாமி இரண்டு படத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "பொம்பிளை வீட்டுக்குத் தெரிய வேண்டாம்" என்றார். "சின்னம்மா செத்ததுக்கே நான் இந்த ஆட்டம் ஆடினனான். எனக்கே எண்டால் அவையள் சும்மா விடுவினமோ? என்ரை பிள்ளைக்கு இனி ஆர் பொம்பிளை குடுப்பினம்?"

"நான் சொல்ல மாட்டன். இவனும் சொல்ல மாட்டான், இவனுக்குச் சொல்லத் தெரியாது" என்றார் டொக்டர். "ஆனால் அந்தப் பிள்ளை நாளைக்கு உங்கட வீட்டுக்கு வந்து, உங்கட குசினிக்குள்ளை உங்களோடை நிண்டு மூச்சு விடப்போகுது. இண்டைக்குச் சுத்தமான நெஞ்சு. நீங்களே சோதிச்சு எடுத்தது."

மாமி சவுரியைப் பொறுக்கி இடுப்பில் செருகினார். உச்சியில் கட்டிய தலையோடு எழுந்து விறாந்தைக்குப் போனார்.

"என்ன சம்பந்தி, உங்கட படம் வடிவா விழுந்ததோ?" என்று தாய் பகிடியாகக் கேட்டார்.

"உங்கட பிள்ளையிலை ஒரு பழுதும் இல்லை. எனக்குத்தான் நெஞ்சிலை ஓட்டையாம்" என்றார் மாமி.

இந்த இடத்தில் எல்லாரும் அழுதிருப்பார்கள் என்று நினைப்பீர்கள். இல்லை. ஒருவரும் நம்பவில்லை. காலையில் பொய்யான வருத்தத்தை உடனே நம்பிய அதே சனம், மத்தியானம் உண்மையான வருத்தத்தை நம்ப மறுத்தது.

பூமணியின் தகப்பன் அதுவரை வாயே திறக்காதவர். அவர் எழும்பினார். "பிள்ளையைப் பிடிக்கேல்லை எண்டால் நேரா முறியுங்கோ. சவுரியைக் கண்டவுடனை மனம் மாறியிட்டுதெண்டு சொல்லுங்கோ. ஏன் இல்லாத வருத்தத்தைச் சொல்லிக் கழருறியள்? ஊருக்கு நான் என்ன பதில் சொல்லுறது?" என்றவர் என் பக்கம் திரும்பினார். "தம்பி, நீதானே கழுவினனி. நீ சொல்லு, உண்மையோ?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். ஓம் என்று ஒரு சொல் சொன்னால் போதும். மாமி பொய் சொல்லவில்லை என்று விளங்கும், பிள்ளைக்கு வந்த அவமானம் போகும். ஆனால் சளி சோதித்து முடியவில்லை. அதோடு, மாமி தன் வாயால் சொன்னது தன்னைப் பற்றி. அதற்குச் சாட்சி சொல்ல எனக்கு என்ன உரிமை?

"இன்னும் காயேல்லை" என்றேன்.

"இவ்வளவு நேரமும் காயாத படம் என்ன படம்?" என்றார் தகப்பன்.

டொக்டர் வாசலில் நின்றார். "அவ சொன்னது அவவின்ரை கதை. அதுக்கு மேலை நாங்கள் ஒருத்தரும் சொல்ல ஏலாது" என்றார்.

அப்போது பூமணி எழுந்து வந்தாள். "அப்பா, படம் பாக்கத் தேவையில்லை" என்றாள். "பொய் சொல்லுறவை வருத்தத்தை மற்றவையின்ரை தலையிலைதான் போடுவினம். தங்கட தலையிலை போடமாட்டினம்."

மாமி அவளைப் பார்த்தார். அன்றைக்கு முதல் தரம், நகையும் முடியும் இல்லாத இடத்தில் பார்த்தார்.

"மாமி, நீங்கள் போய் மருந்தெடுத்து மாத்திக்கொண்டு வாங்கோ" என்றாள் பூமணி. "அதுமட்டும் கலியாணக் கதை நிக்கட்டும். ஆனால் மாறின படத்தை நான் என்ரை கண்ணாலை பாக்கவேணும்."

"உனக்கு நல்ல வாய் இருக்கு பிள்ளை."

"நெஞ்சும் இருக்கு. நீங்கள்தானே பாத்தனீங்கள்."

சளியில் சயரோகம் இருப்பது உறுதியாகி, மாமி தூரத்தில் இருந்த நெஞ்சு ஆஸ்பத்திரிக்குப் போனார். ஊசி, குளிசை, கட்டில். மழைகாலம் போய், அறுவடையும் போனது. முரசுமோட்டைத் தகப்பனுக்கு இடையில் வேறு சம்பந்தங்கள் வந்ததாகக் கேள்விப்பட்டோம். வந்தவர்களிடம் பூமணி முதல் கேட்ட கேள்வி, "படம் எடுத்தாச்சோ?" என்பதாம். படக்காரர்தான் எனக்கு இதைச் சொன்னார். உண்மை எவ்வளவு, அவருடைய கைச்சரக்கு எவ்வளவு என்று எனக்குத் தெரியாது.

பிறகு ஒரு நாள் மாமி வந்தார். கொஞ்சம் உடம்பு வைத்திருந்தார். பூமணியும் தாயோடு வந்திருந்தாள். படக்காரர் கேட்க முதலே மாமி விறாந்தை வாங்கில் இருந்துகொண்டு, வரிசையில் நின்ற அத்தனை சனத்துக்கும் முன்னால், கொண்டையை அவிழ்த்தார். சவுரியை எடுத்து, "இதைப் பிடி பிள்ளை" என்று பூமணியின் கையில் கொடுத்தார். பூமணியின் தாய் மறுபக்கம் திரும்பிச் சிரித்தார்.

நான் ஈரப் படத்தோடு வெளியே வந்தபோது ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. மாமியே சொன்னார்: "காயட்டும் தம்பி. நாங்கள் இருக்கிறம்."

காய்ந்தது. டொக்டர் பழைய படத்தையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். வட்டம் இருந்த இடத்தில் மெல்லிய ஒரு வடு, கீறல் போல. சளியும் சுத்தமாக இருந்தபடியால், மாறிவிட்டது என்றார். மாமி படத்தை வாங்கி, தான் பார்க்காமல் பூமணியிடம் நீட்டினார்.

பூமணி அதை யன்னலுக்குப் பிடித்து, மேலிருந்து கீழாக, அவசரப்படாமல் பார்த்தாள். அன்றைக்குத் துவாயில் கிடந்த நகையை மாமி பார்த்தாரே, அப்படி.

"என்ன பிள்ளை, சுத்தமோ?" மாமியின் குரல் கொஞ்சம் கம்மியிருந்தது.

"நெஞ்சு சரி, மாமி" என்றாள் பூமணி. "இனி நகை நட்டைப் பாப்பம். தாலிக்கொடி எத்தினை பவுணிலை போடப்போறியள்?"

மாமி சிரித்தார். வயிறு குலுங்க, சுவரைப் பிடிக்காமல் சிரித்தார். நானும் டொக்டரும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் காதைக் கொடுத்து நின்றோம். சிரிப்பு முடிந்தது. இருமல் வரவில்லை.